ஸ்மார்ட் வாட்சில் தேதி வரிசையை நம் வழக்கத்துக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் தந்தைக்கு ரத்த அழுத்தம் உண்டு. தினமும் காலையில் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கிழமையும் தேதியும் நினைவில் நிற்பதில்லை என்பதால், கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சில் தெரிவதை அப்படியே பார்த்து எழுதுவது அவர் வழக்கம். அந்த வாட்சும் அதனுடன் இணைந்த போனும் அமெரிக்காவிலுள்ள உறவினர் வாங்கிக் கொடுத்தவை. ஜூன் 1 அன்று தொடங்கிய பக்கத்தில் 6/1, 6/2, 6/3 என்று 6/6 வரை ஆறு வரிகள் இருந்தன. ஆறாம் தேதி மாலை வழக்கமான மருத்துவர் இல்லாததால் வேறொருவர் பார்த்தார். அவர் அந்த ஆறு வரிகளையும் ஜனவரி 6, பிப்ரவரி 6, மார்ச் 6 என்று படித்து, "மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறீர்களா ஐயா?" என்று கேட்டார். தொடர்ந்து ஆறு நாள்கள் அழுத்தம் கூடியிருந்ததை, ஆறு மாதங்களாகக் கூடியிருந்ததாக எடுத்துக்கொண்டு மாத்திரையின் அளவை மாற்ற இருந்தார். நான் உடன் இருந்ததால் விளக்க முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த வாட்சைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரணம், பெரும்பாலான ஸ்மார்ட் வாட்சுகளில் தேதி வரிசையை மாற்றுவதற்கென்று தனியான பொத்தான் எதுவும் கிடையாது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது.

எத்தனை நாள்கள் குழப்பம் தரும்?

நாள் முன்னாலா, மாதம் முன்னாலா என்ற ஐயம் 13 முதல் 31 வரையுள்ள தேதிகளில் எழாது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் எந்த எண் நாள் என்பது தானே விளங்கிவிடும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள்தாம் சிக்கல். ஆண்டுக்கு அப்படிப்பட்ட நாள்கள் 144. அவற்றுள் 1/1, 2/2, 3/3 போல இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கும் 12 நாள்களைக் கழித்தால், மீதி 132 நாள்களில் தேதியை இரண்டு விதமாகவும் படிக்க முடியும். பிழை கண்ணில் படாமல் பல வாரங்கள் நீடிப்பதற்கும் இதுவே காரணம்: இருபதாம் தேதி வாட்சை வாங்கியவர் 7/20 என்பதைப் பார்த்துச் சட்டெனப் புரிந்துகொண்டு அப்படியே விட்டுவிடுவார், அடுத்த மாதம் நான்காம் தேதிதான் அது அவரை ஏமாற்றும்.

வரிசையை முடிவு செய்வது யார்?

மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, போனில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மொழியும் வட்டாரமும். இரண்டாவது, வாட்சின் இயங்குதளம். இது பெரும்பாலும் போன் சொல்வதை அப்படியே பின்பற்றும். மூன்றாவது, திரையில் நீங்கள் வைத்திருக்கும் முகப்பு, அதாவது வாட்ச் ஃபேஸ். முகப்பை வடிவமைத்தவர் இயங்குதளத்திடம் கேட்டுத் தேதியை எழுதியிருந்தால் உங்கள் வட்டாரத்தின் வரிசை வரும். கேட்காமல் தாமே மாதத்தை இடப்புறமும் நாளை வலப்புறமும் பொருத்தியிருந்தால், போனில் என்ன மாற்றினாலும் அது அசையாது.

வட்டாரம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடு கூட்டமைப்பு சி.எல்.டி.ஆர் என்ற பெயரில் ஒரு தரவுத் தொகுப்பைப் பராமரிக்கிறது. எந்த மொழியில், எந்த நாட்டில், தேதியும் நேரமும் எண்ணும் எப்படி எழுதப்படுகின்றன என்ற விவரம் அதில் இருக்கிறது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே "ஆங்கிலம்" என்று தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. எந்த நாட்டு ஆங்கிலம் என்பதே வரிசையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் ஜூன் 4 என்பது 6/4 ஆகவும், இந்திய ஆங்கிலத்தில் 04/06 ஆகவும் வரும். தமிழுக்கும் அந்தத் தொகுப்பில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்ற வட்டாரப் பிரிவுகள் உண்டு. நான்கிலும் நாள்தான் முன்னால் வரும். இலங்கைத் தமிழில் மட்டும் நேரம் 24 மணி முறையில் வரும். வட்டாரத்தை மாற்றியதும் "நேரம் ஏன் 17:30 என்று காட்டுகிறது" என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை.

முதல் படி: பிழை எந்த அடுக்கில் என்று கண்டுபிடியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். போனில் ஏதேனும் ஒரு கோப்பின் விவரத்தைத் திறந்து அதில் தேதி எந்த வரிசையில் உள்ளது என்று பாருங்கள். பிறகு வாட்சில் பழைய நடைப்பயிற்சிப் பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். 13ஆம் தேதிக்குப் பிந்தைய பதிவாக இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. கடைசியாக முகப்பைப் பாருங்கள். போனிலும் வாட்சிலும் ஒரே தவறு என்றால் கோளாறு வட்டாரத்தில் இருக்கிறது. போனில் சரியாக இருந்து வாட்சின் உட்பக்கங்களில் மட்டும் தவறு என்றால் இரண்டும் ஒத்திசையவில்லை, அல்லது வாட்சுக்கென்று தனி அமைப்பு உள்ளது. எல்லாம் சரியாக இருந்து முகப்பு மட்டும் தவறு என்றால் நேராக முகப்பு பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று போனின் தேதியைக் கையால் முன்னே தள்ளி வைக்க வேண்டாம். முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் கடவு எண்களைத் தரும் செயலிகள் தவறான எண்ணைத் தரும், இணையதளங்கள் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று சொல்லித் திறக்க மறுக்கும், வாட்ஸ்அப் தேதியைச் சரிசெய்யச் சொல்லி நின்றுவிடும். பழைய பதிவைப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

இரண்டாம் படி: ஐபோனும் ஆப்பிள் வாட்சும் வைத்திருப்பவர்கள்

ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, "ஜெனரல்", அதனுள் "லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்" பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே "ரீஜியன்" என்ற வரியில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று நீங்கள் வாழும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஐஓஎஸ் பதிப்புகளில் அதே பக்கத்தில் "டேட் ஃபார்மேட்" என்று தனி வரியும் உண்டு. வட்டாரத்தை மாற்ற விரும்பாதவர்கள் அதில் மட்டும் தமக்கு வேண்டிய வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, ஆனால் நாள் முன்னால் வர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். ஏனென்றால் ரீஜியனை மாற்றினால் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியசுக்கும், தொலைவு மைலிலிருந்து கிலோமீட்டருக்கும் சேர்ந்தே மாறக்கூடும்.

ரீஜியனை மாற்றினால் ஆப் ஸ்டோர் கணக்கின் நாடும் மாறிவிடுமோ, வாங்கிய செயலிகள் போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. இந்தப் பக்கத்தில் உள்ள ரீஜியன் எழுத்து வடிவங்களுக்கானது மட்டுமே. கணக்கின் நாடு அதற்குரிய பக்கத்தில் தனியாக இருக்கிறது, அது அப்படியே இருக்கும்.

அதே பக்கத்தில் "காலண்டர்" என்ற வரியையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது "கிரிகோரியன்" என்று இருக்க வேண்டும். தாய்லாந்தில் வாங்கிய போனிலோ அந்நாட்டு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்த போனிலோ பௌத்த நாட்காட்டி இருந்தால், 2025 என்பது 543 கூடி 2568 என்று தெரியும். நாளும் மாதமும் சரியாக இருந்து ஆண்டு மட்டும் ஐந்நூற்றுச் சொச்சம் கூடியிருந்தால் காரணம் இதுதான்.

இதன்பின் ஐபோனில் உள்ள வாட்ச் செயலியைத் திறந்து, "மை வாட்ச்", "ஜெனரல்", "லாங்குவேஜ் அண்ட் ரீஜியன்" என்று செல்லுங்கள். அங்கே ஐபோனைப் பின்பற்றுவது, தனியாக அமைப்பது என்ற இரு தெரிவுகள் இருக்கும். யாரோ எப்போதோ "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் வாட்ச் தன் போக்கில் போகும். "மிரர்" என்பதற்கு மாற்றிவிடுங்கள். 24 மணி நேர வடிவம் இந்தப் பக்கத்தில் இல்லை. அது வாட்சின் செட்டிங்ஸில் "கிளாக்" என்பதற்குள் இருக்கிறது.

ஆப்பிளின் சொந்த முகப்புகள் பலவற்றில் கிழமையும் நாளும் மட்டுமே வரும், மாதம் வராது. அத்தகைய முகப்பு வைத்திருப்பவர்கள் தங்கள் வாட்சில் பிழையே இல்லை என்று எண்ணியிருப்பார்கள். உடற்பயிற்சிப் பதிவுகளிலும் அறிவிப்புகளிலும்தான் அது வெளிப்படும்.

மூன்றாம் படி: ஆண்ட்ராய்டு போனும் வேர் ஓஎஸ் (கூகுளின் வாட்ச் இயங்குதளம்) வாட்சும்

ஆண்ட்ராய்டில் தேதி வரிசைக்கென்று தனி அமைப்பைத் தேடித் தேடி அலுத்தவர்கள் நிறையப் பேர். ஆண்ட்ராய்டு 14 பதிப்பில் வட்டார விருப்பங்கள் என்று ஒரு பக்கம் சேர்ந்தது. வெப்பநிலை அலகு, வாரத்தின் முதல் நாள் போன்றவற்றை அதில் மாற்றலாம். ஆனால் நாள், மாத வரிசையை மாற்றும் வழி அதில் இல்லை. மொழியோடு ஒட்டிய நாட்டை மாற்றுவதே வழி.

சாம்சங் போனில் செட்டிங்ஸ், "ஜெனரல் மேனேஜ்மென்ட்", "லாங்குவேஜ்" என்று செல்லுங்கள். பிக்சல் போன்ற போன்களில் செட்டிங்ஸ், "சிஸ்டம்", "லாங்குவேஜஸ்" என்று இருக்கும். பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பாருங்கள். "இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்று இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஆட் லாங்குவேஜ்" என்பதைத் தொட்டு, இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்து, அதன்பின் வரும் நாட்டுப் பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதை இழுத்துப் பட்டியலின் முதலிடத்தில் வைக்க வேண்டும், அல்லது போன் கேட்கும்போது அதையே இயல்புமொழியாக்க ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்த்துவிட்டு முதலிடத்துக்குக் கொண்டுவராமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. என் தந்தையின் போனில் நானும் முதலில் இதைத்தான் செய்தேன், கால் மணி நேரம் வீணானது.

போனில் மாறியதும் வாட்ச் தானே மாறிக்கொள்ள வேண்டும். வேர் ஓஎஸ் வாட்சுகள் பொதுவாகப் போனின் மொழியைப் பின்பற்றுகின்றன. புளூடூத் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள். முகப்பில் பழைய வரிசையே நின்றால் வேறொரு முகப்புக்கு மாறித் திரும்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வாட்சை ஒரு முறை அணைத்து இயக்குங்கள். வாட்சின் செட்டிங்ஸிலேயே மொழிக்கான பக்கம் இருக்குமானால், அங்கே போனைப் பின்பற்றும் தெரிவு இயங்குநிலையில் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கும் அசையவில்லை என்று வாட்சை முழுமையாக அழித்து மறுபடி இணைப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். அதில் முகப்புகளையும் சில செயலிகளையும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: சொந்த அமைப்புள்ள வாட்சுகள்

கார்மின் இதில் தெளிவாக நடந்துகொள்கிறது. ஃபீனிக்ஸ் வரிசையின் அண்மைய வாட்சுகளில் மெனு பொத்தானை அழுத்திப் பிடித்து, "சிஸ்டம்", "டைம்" என்று சென்றால் "டேட் ஃபார்மேட்" என்ற வரி வெளிப்படையாகவே இருக்கும். நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். போனின் வட்டாரத்தைத் தொட வேண்டியதில்லை. எல்லா நிறுவனங்களும் இப்படி ஒரு வரி வைத்திருந்தால் இந்த வழிகாட்டிக்கே தேவை இருந்திருக்காது.

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் விலையில் கிடைக்கும் வாட்சுகளின் நிலை வேறு. பலவற்றில் 12 மணி, 24 மணி என்ற தெரிவு மட்டுமே இருக்கும். முகப்பில் தெரியும் எண்கள் எழுத்துகளாக இல்லாமல் சிறு படங்களாக, இன்ன இடத்தில் மாதம், இன்ன இடத்தில் நாள் என்று ஆணியடித்தது போல் பொருத்தப்பட்டிருக்கும். போனில் உள்ள துணைச் செயலியின் முகப்புப் பட்டியலைத் திறந்து, நாள் முன்னால் வரும் முகப்பையோ மாதத்தை எழுத்தில் காட்டும் முகப்பையோ தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறைத் தீர்வு.

ஐந்தாம் படி: முகப்பைச் சரிசெய்வது

முகப்பை அழுத்திப் பிடித்தால் அதைத் திருத்தும் நிலைக்குப் போகும். தேதி காட்டும் சிறு கட்டத்தைத் தொட்டு, அதற்கு மாற்றாக வாட்சுடன் வந்த தேதிக் கட்டத்தை வையுங்கள். அது சரியான வரிசையில் வந்தால், பிழை அந்த முகப்பிலோ அதில் இருந்த பழைய கட்டத்திலோதான் என்பது உறுதியாகிவிடும். வெளியாரின் முகப்புகள் சிலவற்றில் அவர்களுடைய அமைப்புகளுக்குள் வரிசையை மாற்றும் வசதி இருக்கும். இல்லையென்றால் அந்த முகப்பை விட்டுவிடுவதே நல்லது. எவ்வளவு அழகாக இருந்தாலும் தேதியைத் தவறாகப் படிக்க வைக்கும் முகப்பு கையில் இருக்கத் தகுந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

என் பரிந்துரை, மாதம் எழுத்தில் வரும் முகப்பு. "4 ஜூன்" என்றோ "ஜூன் 4" என்றோ எப்படி வந்தாலும் பொருள் மாறுவதில்லை. கனடாவில் வாழும் தமிழர்கள் உணவுப் பொட்டலங்களில் ஜே.ஏ, எஃப்.இ, எம்.ஆர் என்ற ஈரெழுத்து மாதக் குறிகளைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக அமைந்த அந்தக் குறிகளால், மாதத்தையும் நாளையும் மாற்றிப் படிக்க வழியில்லாமல் போகிறது.

டிசம்பர் கடைசி சில நாள்களில் முகப்பு அடுத்த ஆண்டைக் காட்டினால் உங்கள் அமைப்பில் தேட வேண்டாம். ஆண்டுக்கான குறியில் சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்தை நிரலாளர் எழுதிவிட்டால், நாட்காட்டி ஆண்டுக்குப் பதிலாக வாரக் கணக்கு ஆண்டு வந்துவிடும். அந்த வாரம் அடுத்த ஆண்டின் முதல் வாரமாக எண்ணப்படுவதால் இப்படி நேர்கிறது. ஜனவரியில் தானே சரியாகிவிடுவது போலத் தெரிந்தாலும், முகப்பைப் புதுப்பிக்கும்வரை ஆண்டிறுதிகளில் மறுபடியும் தலைகாட்டும்.

வாட்சைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு

தமிழை மொழியாக வைக்க இடம் தரும் வாட்சுகளில் தேதி "4 ஜூன்" என்று இயல்பாக வரும். ஆனால் இடம் போதாத கட்டங்களில் முகப்புகள் மிகக் குறுகிய வடிவத்தை எடுத்துக்கொள்ளும்போது ஒரு சங்கடம் உண்டு. கிழமைகளின் ஓரெழுத்து வடிவங்கள் ஞா, தி, செ, பு, வி, வெ, ச. மாதங்களின் வடிவங்களில் ஜூனும் ஜூலையும் ஒரே "ஜூ", செப்டம்பரும் "செ". ஆகவே "செ 9" என்று தெரிந்தால் அது ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமையா, செப்டம்பர் ஒன்பதா என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 9 செவ்வாய்க்கிழமையாகவே அமைந்தது. அன்று இரண்டும் பொருந்தின. அகன்ற கட்டமுள்ள முகப்பைத் தேர்ந்தெடுத்தால் "செப்." என்றும் "செவ்." என்றும் பிரிந்து வரும்.

வரிசைப் பிழையா, நேர மண்டலப் பிழையா?

எண் ஒன்று கூடியோ குறைந்தோ தெரிந்தால் அது வரிசைச் சிக்கல் அல்ல. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சென்னையில் இரவு 9:30 ஆகும்போது அங்கே அடுத்த நாள் பிறந்துவிடும். அங்கிருந்து வந்தவரின் வாட்ச் போனுடன் இணையாமல் கிடந்தால், இரவில் மட்டும் தேதி ஒன்று கூடித் தெரியும், பகலில் சரியாக இருக்கும். போனில் தானியங்கி நேர மண்டலத்தை இயக்கி, வாட்சை மறுபடி இணைத்தால் போதும்.

பதிவுகளைக் கணினிக்கு எடுக்கும்போது

வாட்ச் சேகரித்த இதயத் துடிப்பு, நடை, உறக்கப் பதிவுகளைக் கோப்பாக எடுத்து மருத்துவரிடம் காட்டுவோர் பெருகிவிட்டார்கள். முகப்பில் சரிசெய்த வரிசை இங்கே செல்லாது. கோப்பைத் திறக்கும் கணினியின் வட்டாரமே முடிவு செய்யும். அமெரிக்க வட்டாரத்தில் உள்ள கணினியில் எக்செல் 05/06/2025 என்பதை மே 6 என்று எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாது. 13/06/2025 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பத்தியில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் ஒதுங்கி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது; வலப்புறம் நிற்பவைதாம் ஆபத்தானவை, ஏனென்றால் அவை ஏற்கெனவே மாறிப்போனவை. கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, வெற்றுத் தாளைத் திறந்து, "டேட்டா" பட்டியலில் உள்ள எழுத்துக் கோப்பை உள்வாங்கும் வழியாக அதைக் கொண்டுவந்து, தேதிப் பத்திக்கு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்களே சொல்லுங்கள்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பதிவு வெளிவருமானால் இந்தத் தொல்லை இல்லை. 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரம் 2025-06-04 என்ற இந்த வடிவத்தையே வகுத்தது. ஆப்பிள் ஹெல்த் செயலியிலிருந்து வெளியே எடுக்கும் கோப்பிலும் தேதி இந்த வரிசையில்தான் இருக்கிறது, இந்திய நேரத்தைக் குறிக்க இறுதியில் +0530 என்ற குறியோடு. இலங்கையில் அரசுப் படிவங்களில் ஆண்டு முதலில் வரும் வழக்கம் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இது கண்ணுக்குப் பழகியதாகவே இருக்கும்.

போனை மாற்றும்போதும், பெரிய இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பிறகும், வெளிநாடு சென்று திரும்பும்போதும் முதல் படியில் சொன்ன மூன்று இடங்களையும் மறுபடி பார்த்துவிடுங்கள். வட்டாரத்தை யாரும் தொடாமலேயே புதுப் போனின் தொடக்க அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் முதலில் வந்து நிற்பது உண்டு. என் தந்தையின் வாட்சில் இப்போது மாதம் எழுத்தில் வருகிறது. குறிப்பேட்டின் பழைய ஆறு வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஜூன் 1, ஜூன் 2 என்று அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.